ஒரு பின்னேரத்துக்கு மேல்வீடு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர். இப்போது இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பதினாலு பேர் இருந்ததாகவும், பாதிரியாரும் வந்திருந்ததாகவும்கூட ஒருவர் சொன்னாராம். ஆகவே முதலில் ஆட்களைச் சரியாக எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கம் நான்கு பேர்: நான், என் கணவர், அவருடைய தாயாகிய மாமி, அவருடைய தங்கையாகிய என் மச்சாள். மச்சாளைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தாய், தாயின் தமையன். இந்த ஏழு பேரும் மேலே. கீழே, நிலத்துக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ற்றில் இரண்டு பேர், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு இளம் புருசன் பெண்சாதி.

மேலே இருந்த நாங்கள் கீழே இருக்கவேண்டியவர்கள். கீழே இருந்த அவர்கள் மேலே இருக்கவேண்டியவர்கள். இதை எழுதும்போது இப்பவும் நான் ஒருதரம் கதவைத் திரும்பிப் பார்க்கிறேன்.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. வாங்கி ஒன்பது வருசம். வீட்டுக் கடனாகிய மோட்கேஜைப் புதுப்பிக்கிற வருசம் வட்டி ஏறி, மாதக் காசு ஒன்றரை மடங்கானது. அதே குளிர்காலத்தில் என் கணவர் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலை இரவு ஷிப்டை நிறுத்தியது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். என் சம்பளத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் மேல்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சொந்தக்காரராகிய நாங்கள் நால்வரும் பேஸ்மென்ற்றுக்கு இறங்கினோம். ஒரு அறையில் நானும் அவரும். மற்ற அறையில் மாமியும் மச்சாளும்.

இந்த ஊரில் இது புதினமான காரியம் இல்லை. ஆனால் மாமிக்கு அது உயிர் போகிற விசயம். மாமியின் தகப்பன் ஊர்த் தேவாலயப் பெருநாளில் கொடிக்கு முன்னால் நடந்த பெரிய மனிசர். அவர் நடந்த நடையை மாமி இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். யாராவது வீட்டுக்கு வருகிறோம் என்று போன் எடுத்தால், "ஐயோ, வீட்டிலை றெனவேசன் நடக்குது, ஒரே தூசி" என்பார். வீடு திருத்துகிற வேலையாம், இரண்டு வருசமாக நடந்த றெனவேசன். அந்த நேரத்தில் ஒரு தேவாலயமே கட்டி முடித்திருக்கலாம்.

இதில் என் பிழை எது என்று கேட்டால், புத்தகங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இலங்கையில் சண்டைக்கு இடம்பெயர்ந்து போன வருசத்தில் விட்டுப்போனது, பிறகு ஒட்டவே இல்லை. என் இங்கிலீசு முழுக்கக் கனடாவில் பொறுக்கினது. முதியோர் இல்லத்தில் உடுப்பு வண்டில் தள்ளுகிற நடைவழியில் ஒரு அலுமாரி இருக்கிறது. செத்துப்போனவர்களின் புத்தகங்களைப் பிள்ளைகள் அதில் வைத்துவிட்டுப் போவார்கள், விருப்பமானவர்கள் எடுக்கலாம். அதில் பாதிக்கு மேல் ஒரே வகை. இருநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்து. பெரிய வீடு, ஒழுகிற கூரை. பட்டம் இருக்கிற தகப்பன், சட்டைப் பைக்குள் ஒன்றும் இல்லை. மூன்று குமர்கள், ஒரு நல்ல கவுண். ஒருத்தர் வீட்டுக்கு வரும்போது அவருடைய வருச வருமானம் அவருக்கு முன்னமே அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அட்டைப் படங்களில் தோள் தெரிகிறபடியால் பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுகிற மாதிரி பேப்பர் உறை போட்டுத்தான் பஸ்ஸில் வாசிப்பேன்.

மற்றவர்கள் காதலுக்காக வாசிப்பார்களாக்கும். நான் காதல் பக்கங்களைக் கெதியாகத் தள்ளிவிட்டு, இறைச்சிக்கடைக்காரனுக்குக் காசு கொடுத்தார்களா, இந்த மாதம் வேலைக்காரிக்குச் சம்பளம் போனதா என்றுதான் தேடுவேன். நாயகி நடனத்துக்குப் போனால், வண்டிக் கூலியை யார் கொடுத்தது என்ற யோசினையில் எனக்கு நித்திரை வராது.

மரக்கறி வெட்டுகிற நேரத்தில் இந்தக் கதைகளை மாமிக்குச் சொல்வேன். முதலில் மூஞ்சையைச் சுளித்தார். "உந்த வெள்ளைக்காரப் பிச்சைக்காரரின்ரை கதையோ?" என்றார். இரண்டு கிழமை கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "ஏன் பிள்ளை, அந்தச் சனம் கடைசியிலை வீட்டை வித்ததுகளோ?" அன்றிலிருந்து கதை சொல்லாமல் கறி அடுப்பில் ஏறுவதில்லை.

மச்சாளுக்கு வயது முப்பத்தொன்று. ஒரு பல் வைத்தியரின் அலுவலகத்தில் முன்மேசையில் வேலை. முன்பு இரண்டு சம்பந்தம் பேசி வந்தது, இரண்டும் "உங்கடை வீட்டை எப்ப வரலாம்?" என்ற கேள்வியோடு நின்றுபோனது. ஒரு பகுதியினர் வெளியால் விசாரித்து, நாங்கள் கீழே இருப்பதை அறிந்து, போனை எடுக்காமலே விட்டார்கள். மூன்றாவதாக வந்ததுதான் பக்கத்து ஊராகிய விட்பியில் இருந்து. மாப்பிள்ளை மருந்துக்கடையில் உதவியாளர். நான்கு அறையோடு தனி வீடு என்று சொன்னார்கள். மச்சாளும் அவரும் கோப்பிக் கடையில் மூன்று தரம் சந்தித்துவிட்டார்கள். மூன்றாம் தரம் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவரைப் பார்த்துவிட்டு வந்து அவள் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது. இதுவும் வீட்டாலே போனால் நாலாவது வராது. வந்தாலும் அவள் சிரிக்கமாட்டாள்.

அவர்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றார்கள். மாமியின் றெனவேசன் இனியும் நடக்க முடியாது.

அப்போதுதான் மாமி கேட்டார்: "உன்ரை கதையிலை அந்தச் சனம் என்ன செய்யும், விருந்தாள் வரேக்கை?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். மூடவில்லை. "அடைவு வைச்ச வெள்ளிச் சாமானை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து மேசையிலை வைப்பினம் மாமி. ஒழுகாத அறையிலை மட்டும் ஆக்களை இருத்துவினம்."

மாமி அன்றிரவு செபமாலையோடு நேரத்துக்கே படுத்துவிட்டார். அடுத்த நாள் காலமை தேத்தண்ணி குடித்தபடி சொன்னார்: "மேலை இருக்கிறதுகளைக் கேட்டுப்பார்."

மேலே வாடகைக்கு இருந்த இளம் பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பின்னேரத்துக்கு இடம் மாறுகிற விசயத்தை அவளுக்கு மூன்று தரம் மன்னிப்புக் கேட்டுத்தான் சொல்லி முடித்தேன். அவள் கைதட்டினாள். "அக்கா, செமையா இருக்கு! அப்போ அன்னிக்கு நாங்கதான் பேஸ்மென்ட் டெனன்ட்டா?"

"ரெண்டு மணியிலிருந்து அஞ்சு மணி மட்டும்தான் தங்கச்சி. நீங்கள் வெளியிலை எங்கையும் போறதெண்டாலும்..."

"அவருக்கு அன்னிக்கு ஆபீஸ் கால் இருக்கே. வெளிய போக முடியாது. கீழயே இருக்கோம். நான் நல்லா நடிப்பேன்."

அந்தக் கடைசி வசனத்துக்காக அன்றிரவு ஒரு செபம் கூடுதலாகச் சொன்னேன்.

என் கணவர் இதற்குச் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அம்மா சொல்லிப்போட்டா" என்றார், காலநிலை அறிவித்தல் மாதிரி. மச்சாள் மட்டும் முகத்துக்கு நேரே சொன்னாள்: "உது பைத்தியம் மச்சாள். நான் பொய் சொல்லமாட்டன். ஆனா அம்மாட ஷோவைக் குழப்பவும் மாட்டன். சும்மா இருப்பன், அவ்வளவுதான்."

ஏப்ரல் மாதம், சனிக்கிழமை. பனி கரைந்து, பேஸ்மென்ற் மூலையெல்லாம் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. காலமை பத்து மணிக்கே நான் சாமான் ஏற்றி இறக்கத் தொடங்கினேன். எங்கள் இயேசுவின் திருஇருதயப் படம் மேலே போனது. அவர்களுடைய முருகன் படத்தை அந்தத் தங்கச்சியே பக்குவமாகத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். "ஒரு நாள் கீழ இருந்தா கோச்சுக்க மாட்டாருக்கா. மலை ஏறி இறங்கிப் பழக்கம்தானே அவருக்கு." குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த அவர்களுடைய கலியாணப் படத்தைக் கழற்றினேன். கழற்றின இடத்தில் நான்கு மூலைப் பசை தெரிந்தது. துடைத்தேன். இன்னும் தெரிகிற மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு கலண்டரை ஒட்டினேன். கலண்டர் கோணல். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேலைக்கு ஓடிப்போய், வெள்ளைத் துவாய்களை மடித்துக்கொண்டு நின்றால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தேன்.

இரண்டேகாலுக்கு ஒரு பளபளக்கிற பெரிய வாகனம் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தாய்மாமன். இறங்கியதுமே வாகனத்தைத் திரும்பிப் பார்த்து, நாங்களும் பார்த்தோமா என்று பார்த்தார். பிறகு மாப்பிள்ளை. மெலிந்த, கொஞ்சம் கூனின, கண்களால் சிரிக்கிற பிள்ளை. கடைசியாகத் தாய், சாம்பல் நிறக் கோட்டுடன். அதன் பொத்தான் தெறிகளில் ஒன்று மட்டும் வேறு நிறம்.

மாமி மேல்வீட்டுக்காரரின் சோபாவில் ராணி மாதிரி அமர்ந்திருந்தார். வந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, பெரிய இடத்துப் பாவனையில் மெல்லப் பின்னால் சாய்ந்தார். அது சாய்ந்தால் கால் தூக்குகிற சோபா. எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. கடகட என்று ஒரு சத்தம். மாமியின் இரண்டு கால்களும் சேலையோடு மேலே எழும்பி, தாய்மாமனின் முகத்துக்கு நேரே நின்றன.

"டொக்டர் சொல்லி வாங்கினது" என்றார் மாமி, கண்ணை இமைக்காமல். "கால் வீக்கத்துக்கு."

"நல்லது, நல்லது" என்றார் தாய்மாமன். "எங்கடை வீட்டிலையும் ஒண்டு வாங்கவேணும். இடமும் கிடக்குத்தானே."

மச்சாள் யன்னலால் வெளியே பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது. மாப்பிள்ளையும் அதே யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் தப்பினேன். கரண்டி எங்கே? முதலில் இழுத்த லாச்சியில் பிளாஸ்ரிக் பைகள். இரண்டாவதில் மெழுகுதிரியும் கத்தரிக்கோலும். மூன்றாவதைத் திறக்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எத்தினை வருசம் பிள்ளை இந்த வீட்டிலை?"

மாப்பிள்ளையின் தாய். வாசலில் சாய்ந்து நின்றார்.

"ஒம்பது வருசம் அன்ரி."

மூன்றாவது லாச்சியில் அப்பளம் பொரிக்கிற அகப்பைகள். அன்ரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவதில் கரண்டி இருந்தது, கடவுளே.

அன்ரி கிட்ட வந்து குரலைத் தணித்தார். "பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? கீழை வாடகைக்கு விட்டிருக்கிறியளோ?"

கரண்டி நிலத்தில் விழுந்தது. "ஓம் அன்ரி. நல்ல ஆக்கள்."

"எவ்வளவு எடுக்கிறியள்? ஒருக்கால் பாக்கலாமோ?"

இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. மறுத்தால் சந்தேகம். காட்டினாலும் சந்தேகம். மாமியிடம் ஓடிப்போய்க் கேட்கவும் ஏலாது. மாமி கால் தூக்கியபடி, விட்பியில் வீட்டு வரி எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "வாங்கோ அன்ரி" என்றேன். என் வாய் அப்படித்தான், பயம் வந்தால் சம்மதித்துவிடும்.

பேஸ்மென்ற் படியின் ஒன்பதாவதில் கால் வைக்கும்போது, தலைக்கு நேரே சூடு போகிற தகரக் குழாய் குறுக்கே போகும். முதல் தரம் வருகிற எவரும் அதில் முட்டாமல் போனதில்லை. தண்ணீர்க்குழாய் திருத்த வந்தவனுக்கு நெற்றியில் இரத்தமே வந்தது. "அன்ரி, கவனம்" என்று சொல்ல நான் திரும்பினேன். சொல்ல முன்னமே அன்ரி குனிந்துவிட்டார். கதைத்துக்கொண்டே, மேலே பார்க்காமலே, சரியான இடத்தில் சரியான அளவுக்குக் குனிந்து நிமிர்ந்தார்.

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ தட்டுப்பட்டது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. கீழே தங்கச்சி எழும்பி நின்று கைகூப்பினாள்.

"வாங்கம்மா, வாங்க! நாங்க ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கோம். ஓனரக்கா தங்கமானவங்க. வாடகையே ஏத்தினதில்ல."

வாடகையைப் போன தை மாதம்தான் ஏற்றினோம். மூலையில் அவளுடைய கணவர் எங்கள் சாப்பாட்டு மேசையில் கணினியோடு இருந்து, காதுக்கருவியைப் போட்டபடி கையை மட்டும் தூக்கினார். அவருக்கு மேலே முருகன்.

"ஒரே ஒரு குறைதாம்மா" என்றாள் தங்கச்சி. "குளிர் காலத்துல ஹீட்டர கொஞ்சம் கூட்டி வெச்சா நல்லாருக்கும். ராத்திரில ரெண்டு போர்வை வேண்டியிருக்கு. அக்காகிட்ட கேக்கக் கூச்சமா இருக்கும்ல?"

நடிப்புக்குள் நடிப்பாக உண்மையான முறைப்பாட்டை நுழைத்துவிட்டாள். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான் கீழே எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. எரிவாயுக் காசுக்குப் பயந்து நான்தான் குறைத்து வைப்பேன். "கூட்டி விடுறன் தங்கச்சி" என்றேன், உண்மையாகவே வெட்கப்பட்டு.

உடுப்புத் தோய்க்கிற மெசின் இருக்கிற பின்பக்கத்தைக் காட்ட அன்ரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நிலம் சில்லென்று இருக்கும். நான் கதைத்துக்கொண்டே நடந்தேன். அன்ரி நின்றுவிட்டார். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் குனிந்து பார்த்தேன். மூலையில் கிடந்த நீலச் செருப்புக்குள் என் கால்கள் தாங்களாகவே போய் நுழைந்திருந்தன. இரண்டு வருசமாக ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் செய்கிற வேலை. பெருவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்த செருப்பு, என் காலுக்கு அச்சடித்த மாதிரி.

"பிள்ளை" என்றார் அன்ரி மெதுவாக. "உது உம்மடை செருப்புத்தானே?"

நான் செருப்பைக் கழற்றப் பார்த்தேன். ஈரம் உறிஞ்சுகிற மெசின் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. இனி எல்லாம் போச்சு. மாமியின் முகம், மச்சாள் படியில் இருந்து சிரித்த சிரிப்பு, எல்லாம் போச்சு.

அன்ரி மெசின் பக்கம் போனார், அதன் வாளியைத் தூக்கிப் பார்த்தார், தோய்க்கிற தொட்டிக்குள் தண்ணீரை ஊற்றினார், திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஒரு சொல் கேட்காமல். "பனி கரையிற மாசத்திலை ரெண்டு தரம் ஊத்தவேணும். ஒரு தரம் காணாது" என்றார். பிறகு தோய்க்கிற மெசின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நான் பதினொரு வருசமாக் குனியிறன் பிள்ளை."

விட்பி வீடு தமையனுடையது. வாகனமும் தமையனுடையது. தாயும் மகனும் அவருடைய பேஸ்மென்ற்றில், அங்கேயும் படிக்கு மேலே இதே மாதிரி ஒரு குழாய். அன்ரியின் கணவர் நடத்திய பலசரக்குக் கடை மூடப்பட்டு, அவர் கண்மூடின பிறகு, கடைக் கடன் மகனின் தலையில். சொந்த வீட்டுக்காரரிடம் பெண் எடுத்தால் தன் தங்கச்சி குடும்பம் ஒரு கரைக்கு வரும் என்று தமையனுக்கு எண்ணம். அவர்கள் இருக்கிற இடத்தையும் வேறு ஆளுக்கு வாடகைக்குக் கொடுக்கலாம்.

"மகன் கலியாணம் முடிச்சுப் போனால் நான் எங்கை போறது? அதுதான் உங்கடை கீழ்வீடு வாடகைக்கு வருமோ எண்டு பாப்பமெண்டு..." அன்ரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கியது. "இஞ்சை வந்தால் நீங்களே இருக்கிறியள்."

நானும் சிரித்தேன். சிரித்து முடியத்தான் மேலே இருக்கிறவர்களின் நினைவு வந்தது. "இப்ப என்ன செய்யிறது அன்ரி? மேலை சொல்லுறதோ?"

"உம்மடை மாமி தாங்குவாவோ?"

"தாங்கமாட்டா."

"அப்ப பொத்திக்கொண்டிருப்பம். கொஞ்ச நேரத்துக்கு."

மேலே வந்தோம். நாங்கள் இல்லாத கால்மணித்தியாலத்தில் தாய்மாமன் சீதனத்துக்கு வந்துவிட்டிருந்தார். நேரடியாக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இந்த நாட்டில் ஒருவரும் சொல்வதில்லை. "பிள்ளையள் தொடங்கிற காலத்திலை ஒரு இடம் வேணும்தானே. இந்த வீட்டிலை மேல்மாடி இருக்குது. அதை அவைக்கெண்டு விட்டால் உங்களுக்கும் துணை."

மேல்வீட்டோடு அந்த மேல்மாடியையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதி வாடகைக்கு இருக்கிறவர்கள் அந்த நிமிசம் கீழே என் மேசையில் இருந்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தன் கைகளைப் பார்த்தார். மாமியின் கன்னம் சிவந்திருந்தது. பெரிய இடத்து மனிசியிடம் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. மாமி வாயைத் திறந்தார். "அதுக்கென்ன," என்று தொடங்கினார், "முழு மாடியையும்..."

"அண்ணை, போதும்" என்றார் அன்ரி.

எல்லோரும் திரும்பினார்கள். அன்ரி கோட்டைப் போட்டபடி நடுவில் நின்றார். "விட்பி வீடு அண்ணையின்ரை. நானும் மகனும் கீழை இருக்கிறம். கடைக் கடன் இன்னும் கிடக்குது. வாகனமும் எங்கடை இல்லை. இவ்வளவும்தான் எங்கடை பக்கம். மாடி கேக்கிற தகுதி எங்களுக்கு இல்லை."

எங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கண் என் பக்கம்கூட வரவில்லை.

தாய்மாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளை மச்சாளைப் பார்த்துச் சொன்னார்: "சொறி, மன்னிக்கவேணும். மூண்டாவது கோப்பியிலை சொல்லவேணுமெண்டுதான் வந்தனான்."

"நானும்" என்றாள் மச்சாள். பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் மாமியைப் பார்த்தோம்.

நான் வாசித்த கதைகளில் இந்த இடத்தில் ஒரு கடிதம் வரும். இந்தியாவிலோ இலங்கையிலோ போய்ச் சம்பாதித்த மாமன் ஒருவன் செத்து, சொத்து முழுக்க நாயகிக்கு வந்துவிடும். எங்களுக்கு அப்படி ஒரு மாமன் வருவதென்றால் எந்த நாட்டிலிருந்து வருவான் என்று எனக்குத் தெரியவில்லை. கடிதம் வரவில்லை. மாமிதான் இருந்தார், கால் தூக்கியபடி.

மாமி காலை இறக்கப் பார்த்தார். சோபா இறங்கவில்லை. ஒரு பக்கம் தட்டினார், மறுபக்கம் இழுத்தார். எழும்பிப் போய்விட நினைத்தாரோ, எல்லோரையும் போகச் சொல்ல நினைத்தாரோ, அவருக்குத்தான் தெரியும். என் கணவர் உதவிக்கு எழும்பினார். மாமி கையைக் காட்டி அவரை இருத்தினார்.

"உந்தச் சோபாவை எப்பிடி மடக்கிறதெண்டு எனக்குத் தெரியாது" என்றார் மாமி, கூரையைப் பார்த்தபடி. "ஏனெண்டால் உது என்ரை சோபா இல்லை. நாங்களும் கீழைதான்."

தாய்மாமன் துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு மாப்பிள்ளை எழும்பிப் போய், சோபாவின் பக்கவாட்டில் கையை விட்டு எதையோ இழுத்தார். மாமியின் கால்கள் மெல்ல நிலத்துக்கு வந்தன. "எங்கட மாமாட வீட்டிலையும் இதே சோபா இருக்கு மாமி. அது கால் தூக்குமெண்டு அவருக்குத்தான் தெரியாது" என்றார். தாய்மாமன் அவரை முறைத்தார். மாமி மாப்பிள்ளையை முதல் முறையாக நேரே பார்த்தார். தன்னை மாமி என்றதை மறுக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் ஆளுக்கொரு விதமாகச் சொல்லப்படுகிறது. நடந்தது இதுதான். அன்ரி சொன்னார்: "என்ன தருவம் எண்டு கதைக்கிறது எங்களுக்குச் சரிவராது. என்ன கடன் குடுக்கவேணும் எண்டதைக் கதைப்பம். பிள்ளையள் கண்ணைத் திறந்துகொண்டு முடிக்கட்டும்." மச்சாள் போனில் கணக்குப் பொறியைத் திறந்தாள்.

வீட்டு மோட்கேஜை விட்டுவிட்டோம், அது வீட்டோடு போகிறது. எங்கள் பக்கம் வங்கிக் கடன் இருபத்தீராயிரம். கடனட்டை ஆறாயிரத்து முந்நூறு. அவ்வளவும்தான் என்றார் என் கணவர்.

"இன்னும் நாலாயிரம் போடு" என்றார் மாமி.

"என்ன நாலாயிரம் அம்மா?"

"இவளுக்குக் கலியாணச் சங்கிலி. நகைக்கடையிலை மாசம் மாசம் கட்டுறன். சாமான் அரிசி வாளிக்குள்ளை கிடக்கு."

என் கணவர் என்னைப் பார்த்தார். சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த வாளியில் இருந்து ஒவ்வொரு நாளும் அரிசி அள்ளுகிறவள் நான்.

"ஏன் எல்லாரும் முழுசிறியள்? பவுண் இப்ப ஏறிப்போச்சு" என்றார் மாமி.

அவர்கள் பக்கம் கடைக் கடன் முப்பத்தோராயிரம். தமையனுக்கு வாடகைப் பாக்கி மூவாயிரத்து அறுநூறு. தாய்மாமன் பெருந்தன்மையாக, "அதை விடு தங்கச்சி" என்றார். அன்ரி, "வேண்டாம் அண்ணை, போடுவம்" என்றார். "சரி, அப்ப பாதி" என்று உடனே சொன்னார் தாய்மாமன். ஆயிரத்து எண்ணூறு.

மச்சாள் இரண்டு பக்கத்தையும் கூட்டினாள். எங்களுடையது முப்பத்தீராயிரத்து முந்நூறு. அவர்களுடையது முப்பத்தீராயிரத்து எண்ணூறு. "அம்மா" என்றாள், "நாங்கள் இவையைவிட ஐந்நூறு டொலர் பணக்காரர்."

மாமி நிமிர்ந்து இருந்தார். தலையைச் சரிசெய்தார். "பிள்ளை, அந்தக் கேக்கைக் கொண்டுவந்து வை" என்றார் என்னிடம். சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

நான் கீழே ஓடினேன், இனி நடிக்கத் தேவையில்லை, மேலே வந்து நீங்களும் தேத்தண்ணி குடியுங்கள் என்று சொல்ல. தங்கச்சிக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா அக்கா? நான் இன்னும் டயலாக் வெச்சிருந்தேன்."

செப்டெம்பரில் தேவாலயத்தில் கலியாணம். பக்கத்து மண்டபத்தில் அறுபது பேருக்கு மத்தியானச் சாப்பாடு. மச்சாள் சங்கிலி போட்டிருந்தாள். படமெடுக்கிறவர் அதைக் கிட்ட வைத்து எடுக்கும்போது, அரிசித் தூள் ஏதும் ஒட்டியிருக்குமோ என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அன்பளிப்புக் காசோடு வந்த கடித உறைகளை அன்றைக்கே இரண்டு தாயும் மேசையில் வைத்துப் பிரித்து எண்ணினார்கள். ஒரு சதம் வெளியே போகவில்லை, எல்லாம் கடனுக்கு. பிள்ளைகள் எங்களுக்குக் கிட்ட ஒரு மாடிக் கட்டடத்தில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டார்கள்.

மச்சாளின் கட்டில் வெறுமையானது. அதில் அன்ரி வந்து படுத்தார், மாமியின் அறையில். வாடகை கொடுப்பேன் என்று அடம்பிடித்து மாதம் இருநூறு தருகிறார். இரண்டு பேரும் யன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஒவ்வொரு காலமையும் சண்டை. சண்டை முடிந்து, ஆளுக்கொரு பலகையில் மரக்கறி வெட்ட உட்கார்ந்தால் நான் கதை சொல்லவேண்டும். மாமி நாயகியின் பக்கம், அன்ரி எப்போதும் நாயகியின் கடன்காரர் பக்கம்.

நான் இன்னும் நிம்மதியாக இல்லை. மோட்கேஜ் மறுபடி புதுப்பிக்கிற வருசம் வருகிறது. மேல்வீட்டுத் தங்கச்சி வாந்தி எடுக்கிறாள். நல்ல செய்திதான், ஆனால் பிள்ளை பிறந்தால் பெரிய இடம் தேடிப் போவார்களோ? மருந்துக்கடையில் ஆட்களைக் குறைக்கிறார்களாம் என்று ஒருத்தி பஸ்ஸில் சொன்னாள், எந்த மருந்துக்கடை என்று சொல்லாமல் இறங்கிவிட்டாள். மச்சாள் சொல்கிறாள், நான் கவலைப்படுகிற வேகத்தில் கடன் அடைந்தால் எப்பவோ முடிந்திருக்குமாம். மாதம் முதலாம் தேதி அவளும் அவரும் வருவார்கள். ஆறு பேரும் கீழே மேசையைச் சுற்றி இருந்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கூட்டுவோம். இப்போது இரண்டு பக்கம் இல்லை, ஒரே கணக்குத்தான். இந்த மாதம் கட்டினதும் போக மிச்சக் கடன் நாற்பத்தோராயிரத்து எழுநூற்றைம்பது டொலர்.